தலைக்கு மேல் சூளை

காளவாய் என்றால் சூளை. அந்தப் பெயரைப் பொய்யாக்கிவிடக் கூடாது என்று கங்கணம் கட்டிக்கொண்டுதான் மதுரைக் காளவாசலில் வீடு கட்டுகிறார்களோ என்று எனக்குச் சந்தேகம். காளவாசலை மட்டும் சொல்வானேன்? ஊர் முழுவதும் இதே கதைதான். ஐந்து அங்குலக் கான்கிரீட் தளம், அதன்மேல் ஒன்றுமில்லை. பகலெல்லாம் வெயிலைக் குடித்த தளம், இரவெல்லாம் அதைக் கீழே படுத்திருப்பவர்மேல் கக்குகிறது.

"ஏ.ஸி. வாங்கிப் போடுங்களேன், ஸார்!" என்கிறார்கள். அடுப்பை அணைக்காமல் விசிறிக்கொள்ளச் சொல்லும் யோசனை இது. அந்த யந்திரம் வெப்பத்தை அழிப்பதில்லை; வெளியே தள்ளுகிறது. தான் தின்ற மின்சாரத்தின் சூட்டையும் சேர்த்து அடுத்த வீட்டு ஜன்னலில் ஊதுகிறது. ஏ.ஸி. வாங்க வழியில்லாதவன் உங்கள் சூட்டையும் சேர்த்துச் சுமக்க வேண்டும். இதற்குப் பெயர் சௌகரியமா?

நம் முன்னோர் விஷயம் தெரிந்தவர்கள். மரக் கட்டைகளின்மேல் செங்கல்லைக் குத்திட்டு அடுக்கி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கெட்டித்து, தட்டோடு பதித்தார்கள். வெப்பம் கீழே இறங்குவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். சிமெண்டு வந்தது, கட்டை போயிற்று, சரி. ஜல்லியும் தட்டோடும் ஏன் போக வேண்டும்?

2018-ல் மத்திய அரசு குடியிருப்புகளுக்காக 'எக்கோ நிவாஸ் சம்ஹிதா' என்ற விதித்தொகுப்பை வெளியிட்டது. உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால், ஒரு சதுர மீட்டர் கூரை வழியே 1.2 வாட்டுக்குமேல் வெப்பம் புகக் கூடாது என்கிறது அது. வெறும் கான்கிரீட் விடுவதோ ஏறக்குறைய மூன்று மடங்கு! 2024-ல் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அந்தப் பேரிடர் வாசல் வழியாக வருவதில்லை. கூரை வழியாக இறங்குகிறது.

விதி இருந்தும் ஏன் நடக்கவில்லை? காரணம் எளிது. கூரை வீட்டுக்காரருடையது, கரண்ட் பில் குடியிருப்பவனுடையது. மாடியில் தகரக் கொட்டகை போட்டு வாடகைக்கு விடுகிறவருக்கு அங்கே வேகிறவனைப் பற்றி என்ன கவலை?

"செலவாகுமே" என்பார்கள். சித்திரைக்கு முன் மொட்டைமாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தாலே வெயிலில் பெரும்பகுதி திரும்பிப் போய்விடும். மழையில் கரைந்தால் மறு வருஷம் அடியுங்கள். புது வீடானால் தளத்தின் மேற்புறத்திலேயே வெப்பத்தைத் தடுக்கும் பலகை பரப்பித் தட்டோடு பதியுங்கள். கீழே பொய்க்கூரை கட்டினால் தளம் காய்வது நிற்காது.

வாடகை வாங்குகிறவர் நிழல் தரக் கடமைப்பட்டவர். கூரையைக் குளிர்விக்காமல் வீட்டை வாடகைக்கு விடக் கூடாது என்று சட்டம் வரட்டும். நிழல் தராத கூரைக்கு வாடகை எதற்கு?