ஆலையை இழுத்து மூடினா கூலி பாக்கி யாரு தருவா? கோர்ட்டு ஆள் கையில் சாவி

திருத்தணி,-

கடனில் மூழ்கிய ஆலையின் கேட்டில் ஒருநாள் நோட்டீசு ஒட்டுவார்கள். முதலாளியைக் காணோம். சாவி, கணக்குப் புத்தகம் எல்லாம் கோர்ட்டு நியமித்த ஆளிடம் போய்விடும். "பாக்கியை இனி யாருகிட்ட கேக்குறது?" என்று தொழிலாளியும் கரும்பு போட்டவரும் தவிப்பார்கள்.

யார் இந்த ரிசீவர்?

சொத்து தகராறில் கோர்ட்டு நியமிக்கும் பொறுப்பாளர்தான் ரிசீவர். 1908-ம் ஆண்டு சிவில் நடைமுறைச் சட்டத்தில் இதற்கு வழி இருக்கிறது. அவர் முதலாளி அல்ல, காவல்காரர். கோர்ட்டுக்கு கணக்கு காட்ட வேண்டும். வேண்டுமென்றே கடமை தவறியோ, படு அலட்சியத்தாலோ நஷ்டம் வந்தால் அவரே பொறுப்பு.

கடன் கட்டாத கம்பெனிகளுக்கு 2016-ல் திவால் சட்டம் வந்தது. இதில் கம்பெனி சட்ட தீர்ப்பாயம் 'தீர்வு அதிகாரி'யை நியமிக்கும். ஆலையை ஓட்டுவது அவர் வேலை. வாங்க வருபவரை முடிவு செய்வதோ கடன் கொடுத்த பேங்குகளின் கமிட்டி.

திருமண்டங்குடி பாடம்

தஞ்சை மாவட்டம் திருமண்டங்குடி திருஆரூரான் சர்க்கரை ஆலை இந்த வழியில்தான் கைமாறியது. "எங்க பேர்ல ஆலை வாங்கின கடனுக்கு எங்களுக்கு ஏன் நோட்டீசு? பாக்கியையும் தரணும்" என்று விவசாயிகள் 2022 நவம்பரில் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். ஓராண்டுக்கு மேல் நீடித்தது. சாவி கைமாறினாலும் விவசாயி பிரச்சினை தானாகத் தீராது என்பதே இதில் பாடம்.

யாருக்கு முதல் பணம்?

ஆலையை விற்று பணம் பிரிக்கும் நிலை வந்தால் வரிசை உண்டு. முதலில் நடவடிக்கை செலவு. அடுத்து தொழிலாளரின் 24 மாத சம்பள பாக்கியும், அடமானம் பிடித்த பேங்குகளும் சமமாக. கரும்பு போட்டவர் வரிசையில் கீழே. கரும்பு வாங்கிய 14 நாளில் பணம் தர வேண்டும், தவறினால் 15 சதவீத வட்டி என்று 1966-ம் ஆண்டு உத்தரவு இருந்தும் இதுதான் நிலை. பி.எப்., கிராஜுவிட்டி நிதி மட்டும் இந்தப் பங்கீட்டில் சேராது.

திவால் நடவடிக்கை நடக்கும்போது, ஆலை ஓடி அதில் உண்மையிலேயே வேலை செய்தவரின் சம்பளம் நடவடிக்கை செலவில் சேரும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2022-ல் தீர்ப்பு சொன்னது.

என்ன செய்யணும்?

தமிழ் பேப்பரில் வரும் சின்ன விளம்பரம்தான் முக்கியம். மனு போட பொதுவாக 14 நாள் கெடு. தவறினாலும் 90 நாள் வரை வாய்ப்பு உண்டு. சம்பள ரசீது, வருகைச் சீட்டு, கரும்பு எடைச் சீட்டை பத்திரமாக வையுங்கள். தொழிலாளர்கள் ஒரு பிரதிநிதி மூலம் சேர்ந்தும் மனு போடலாம்.

எல்லை தாண்டி நகரி, புத்தூர் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் கவனிக்க: கம்பெனியின் பதிவு அலுவலகம் தமிழ்நாட்டில் இருந்தால் வழக்கு சென்னை பெஞ்சில். ஆந்திராவில் இருந்தால் அமராவதி பெஞ்சில்.

திருவாலங்காட்டில் உள்ள திருத்தணி கூட்டுறவு சர்க்கரை ஆலை போன்ற கூட்டுறவு சங்கங்களுக்கு இந்த திவால் சட்டம் பொருந்தாது. அவை கூட்டுறவு சட்டத்தின் கீழ் வரும்.

கோர்ட்டு ஆள் வந்துட்டாரு, எல்லாம் சரியாகிடும் என்று சும்மா இருந்தால் ஏமாற்றம்தான். மனு போடாதவர் பெயர் பட்டியலில் ஏறாது.