மார்பக அழகு சிகிச்சை: ஆபரேஷன் சில மணி நேரம், ஓய்வு ஆறு வாரம்! வீடு திரும்பிய பிறகு என்ன கவனிக்கணும்?

காலையில் அட்மிட், மாலையில் டிஸ்சார்ஜ், அடுத்த வாரம் ஆபீஸ். மார்பக அழகு அறுவை சிகிச்சை பற்றி சோஷியல் மீடியாவில் வரும் விளம்பரங்களின் தொனி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது. முதல் இரண்டும் பெரும்பாலும் உண்மைதான். இம்ப்ளான்ட் வைத்துக்கொண்ட பெண்களும், கைனகோமாஸ்டியா எனப்படும் மார்பு வீக்கத்துக்கு ஆபரேஷன் செய்துகொண்ட ஆண்களும் பலர் அன்றோ மறுநாளோ வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். தியேட்டரில் சில மணி நேரம். உடம்பு தேறுவதற்கோ நான்கு முதல் ஆறு வாரம். அந்த நாள்கள் கழிவது ஆஸ்பத்திரியில் அல்ல. வீட்டில், ஹாஸ்டலில், பி.ஜி. அறையில். பல நேரங்களில் யாருக்கும் தெரியாமல். அந்த ரகசியம்தான் இதில் பெரிய ரிஸ்க். ஏன் என்று பார்ப்போம்.

அழகா, சிகிச்சையா?

2018 பிப்ரவரியில், சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மார்பகத்தைப் பெரிதாக்கும், சிறிதாக்கும் அறுவை சிகிச்சைகள் இலவசமாகச் செய்யப்படும் என்று தமிழக அரசு அறிவித்தது. சி.விஜயபாஸ்கர் அப்போது சுகாதாரத் துறை அமைச்சர். ‘மக்கள் வரிப்பணத்தில் அழகு சிகிச்சையா?’ என்று ஒரு தரப்பு கேட்டது. ‘வசதி இருக்கிறவங்களுக்கு மட்டும்தானா?’ என்று இன்னொரு தரப்பு திருப்பிக் கேட்டது. மார்பக எடையால் கழுத்துவலி, முதுகுவலி, தோள்பட்டையில் பிரா பட்டை அழுத்திய தழும்பு என்று அவதிப்படுகிறவர்களுக்கு இது வெறும் அழகு விஷயம் இல்லை என்பதும் அப்போது பேசப்பட்டது.

ஆனால் நம் விதிமுறைகள் இதை இன்னும் ‘ஆடம்பரம்’ என்ற கணக்கில்தான் வைத்திருக்கின்றன. மருத்துவச் சேவைக்குக் கிடைக்கும் ஜி.எஸ்.டி. விலக்கு அழகுக்கான அறுவை சிகிச்சைக்குக் கிடையாது. பிறவிக் குறைபாடு, வளர்ச்சிக் குறைபாடு, விபத்துக் காயம் போன்ற காரணங்கள் இருந்தால்தான் விலக்கு. ஹெல்த் இன்ஷூரன்ஸிலும் அதே கதை. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிந்தைய சீரமைப்பு அல்லது மருத்துவரீதியாகக் கட்டாயம் தேவை என்று டாக்டர் சான்று தரும் நிலை; இவை தவிர மற்றவை பாலிசியில் அடங்காது.

விளைவு? செலவு முழுக்கச் சொந்தப் பணம், அல்லது இ.எம்.ஐ. லீவும் சேர்த்து வைத்த லீவுதான். கையில் இருப்பது ஐந்து நாள் லீவு என்றால், ஓய்வும் ஐந்து நாளாகச் சுருங்கிவிடுகிறது. உடம்புக்கு அந்தக் கணக்கு தெரியாது.

முதல் 48 மணி நேரம்

மயக்க மருந்தின் தாக்கம் முழுசாக இறங்க ஒரு நாள் ஆகும். அதுவரை வண்டி ஓட்டக் கூடாது, முக்கியமான கையெழுத்து எதுவும் போடக் கூடாது, தனியாக இருக்கவே கூடாது. குறைந்தது ஓர் இரவாவது விவரம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

காரணம் இருக்கிறது. உள்ளே ரத்தம் கசிந்து கட்டிக்கொள்ளும் ‘ஹெமட்டோமா’ பெரும்பாலும் இந்த முதல் ஓரிரு நாளில்தான் வரும். ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வீங்கும், கல் மாதிரி இறுகும், மாத்திரைக்கும் அடங்காமல் வலி ஏறும். இது வழக்கமான வீக்கம் அல்ல. உடனே சர்ஜனை அழைக்க வேண்டும். சிலருக்கு மறுபடி தியேட்டருக்குள் போக வேண்டியிருக்கும். வலி மாத்திரை போட்டு அரைத்தூக்கத்தில் இருப்பவரால் இதைத் தானே கவனிக்க முடியாது. பக்கத்தில் இன்னொரு ஜோடிக் கண்கள் வேண்டும் என்பது இதற்காகத்தான்.

படுக்கும்போது மல்லாந்து, இரண்டு மூன்று தலையணை வைத்துத் தலையையும் முதுகையும் உயர்த்திப் படுங்கள். குப்புறப் படுப்பது சில வாரங்களுக்கு இல்லை. ஆனால் படுத்தே கிடக்கவும் கூடாது. முதல் நாளிலிருந்தே வீட்டுக்குள் மெதுவாக நடப்பது, காலில் ரத்தம் உறைவதைத் தடுக்கும்.

சிலருக்கு ‘டிரெய்ன்’ எனப்படும் சின்னக் குழாய் வைத்து அனுப்புவார்கள். அதில் சேரும் திரவத்தை நேரத்துக்கு நேரம் அளந்து, எவ்வளவு, என்ன நிறம் என்று மொபைலில் குறித்து வையுங்கள். குழாயை எப்போது எடுப்பது என்று டாக்டர் முடிவு செய்ய அந்தக் கணக்குதான் உதவும்.

கேன் தண்ணி தூக்கலாமா?

கூடாது. முதல் சில வாரங்களுக்கு இரண்டு, மூன்று கிலோவுக்கு மேல் எதையும் தூக்க வேண்டாம் என்பதுதான் பொதுவான அறிவுரை. ஒரு கேன் தண்ணீர் 20 லிட்டர், அதாவது 20 கிலோ. சமையல் சிலிண்டரில் எரிவாயு மட்டுமே 14.2 கிலோ. ஈரத்துணி வாளி, மாவு நிரம்பிய கிரைண்டர் கல், லேப்டாப் பை, ஓடி வரும் குழந்தை எல்லாமே இந்தப் பட்டியலில் வரும்.

கையைத் தோளுக்கு மேல் தூக்குவதும் ஆரம்பத்தில் வேண்டாம். மேல் ஷெல்ஃபில் டப்பா எடுப்பது, கொடியில் துணி காயப்போடுவது, பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிப்பது எல்லாம் இதில் அடங்கும். அதனால் ஆபரேஷனுக்கு முன்பே தினம் தேவைப்படும் பொருள்களை இடுப்பு உயரத்துக்கு இறக்கி வைத்துவிடுங்கள். தலை வழியாக மாட்டும் டாப்ஸ், குர்தி வேண்டாம். முன்பக்கம் பட்டன் வைத்த சட்டை, நைட்டி ஓகே.

ஸ்கூட்டர்? ஹேண்டிலை வெட்டித் திருப்புவதும், சடன் பிரேக்கும் நேராக நெஞ்சுத் தசையைத்தான் இழுக்கும். வலியில்லாமல் அதைச் செய்ய முடிகிறது, சர்ஜனும் சரி என்கிறார் என்ற பிறகே வண்டியை எடுங்கள். ஜிம் பெரும்பாலும் ஆறு வாரத்துக்குப் பிறகுதான்.

சர்ஜன் தரும் சப்போர்ட் பிராவை (ஆண்களுக்கு பிரஷர் வெஸ்ட்) இரவு பகலாகச் சில வாரம் போட வேண்டியிருக்கும். நம்ம ஊர் வெயிலில் அடியில் வேர்வை தேங்கும். மாற்றிப் போட இரண்டாவது ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. கம்பி வைத்த பிரா இப்போதைக்கு வேண்டாம்.

பத்தியம், மஞ்சள், தெரிஞ்ச மாத்திரை

‘கறி, மீன், முட்டை சாப்பிட்டா புண்ணு சீழ் பிடிக்கும்’ என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். உண்மை நேர் எதிர். காயம் ஆறப் புரதம் வேண்டும். முட்டை, மீன், பருப்பு, பயறு, தயிர் எல்லாம் சாப்பிடலாம். வலி மாத்திரைகள் சிலருக்கு மலச்சிக்கல் தரும் என்பதால் தண்ணீரும் பழமும் கூடவே இருக்கட்டும்.

தையல் மேல் மஞ்சள், எண்ணெய், வீட்டில் இருக்கும் ஆயின்மென்ட் எதையும் தடவக் கூடாது. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையும் வேண்டாம். ஆஸ்பிரின் போன்றவை ரத்தக்கசிவைக் கூட்டும். ஆன்டிபயாட்டிக் கொடுத்திருந்தால் சொன்ன நாள் வரை முடியுங்கள். சிகரெட், வேப் இரண்டுமே ரத்தக்குழாயைச் சுருக்கி, காயம் ஆறுவதைக் கெடுக்கும். முலைக்காம்புத் தோலுக்கே ரத்தம் போகாமல் போகலாம்.

எப்போது காத்திருக்கக் கூடாது?

வீக்கம், நீலம் பாய்வது, மரத்துப்போவது, ஒரு பக்கம் கொஞ்சம் மேலே இருப்பது போன்றவை ஆரம்ப வாரங்களில் சகஜம். இறுதி வடிவம் தெரிய சில மாதங்கள் ஆகும். ‘ஏன்டா செஞ்சோம்’ என்று முதல் வாரங்களில் மனசு சோர்வதும் பலருக்கு நடக்கும். தினமும் கண்ணாடி முன் நின்று கவலைப்படத் தேவையில்லை.

ஆனால் இவை வேறு:

- 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், பரவும் சிவப்பு, சீழ், கெட்ட வாடை
- ஒரு பக்கம் மட்டும் வேகமாக வீங்கி இறுகுவது
- முலைக்காம்பு கறுத்துப்போவது
- ஒரு கெண்டைக்காலில் மட்டும் வலி, வீக்கம்
- மூச்சுத்திணறல், நெஞ்சுவலி

கடைசி ஒன்று என்றால் கிளினிக் நம்பரைத் தேட வேண்டாம், 108. மற்றவற்றுக்கு அன்றே டாக்டர். ரகசியம் இங்கேதான் உயிரோடு விளையாடுகிறது. ‘இப்போ ஆஸ்பத்திரி போனா அம்மாவுக்குத் தெரிஞ்சிடும்’ என்று ஓர் இரவு தள்ளிப்போடுவதுதான், சின்னத் தொற்றைப் பெரிதாக்குகிறது. அவசரத்துக்கு வேறு ஆஸ்பத்திரி போனாலும் என்ன ஆபரேஷன் என்பதை மறைக்காதீர்கள்.

ஆபீஸில் என்ன சொல்வது?

உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு இம்ப்ளான்ட் என்றால் சுமார் ஒரு வாரம், மார்பகத்தைச் சிறிதாக்கியிருந்தால் இரண்டு வாரம் ஆகலாம். நின்று, தூக்கி, சுமந்து செய்யும் வேலைக்கு நான்கு முதல் ஆறு வாரம். ஹெச்.ஆருக்கு எந்த உறுப்பில் ஆபரேஷன் என்ற விளக்கம் தேவையில்லை. ‘அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய ஓய்வு’ என்று சான்றிதழ் தரும்படி டாக்டரிடம் கேட்கலாம். நோயாளியின் ரகசியம் காப்பது மருத்துவரின் கடமை என்கின்றன 2002-ம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள். கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்பதும் அதே விதிகளில் இருக்கிறது.

அந்தக் கார்டை பத்திரமா வையுங்க

இம்ப்ளான்ட் வைத்தவர்களுக்கு அதன் பெயர், அளவு, சீரியல் நம்பர் எழுதிய கார்டு தரப்படும். 2010-ல் பிரான்ஸின் பி.ஐ.பி. நிறுவனம் தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கான சிலிக்கானை இம்ப்ளான்ட்டில் அடைத்தது அம்பலமானது. 2019 ஜூலையில் அலர்கன் நிறுவனத்தின் சொரசொரப்பான ‘பயோசெல்’ இம்ப்ளான்ட்கள், அரிதான ஒரு வகை லிம்போமா புற்றுநோயோடு தொடர்பு இருந்ததால் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டன. தன் உடம்புக்குள் இருப்பது அதுதானா என்று சட்டென்று சொல்ல, அந்தக் கார்டு வேண்டும்.

இம்ப்ளான்ட் ஆயுள் முழுக்க வராது என்று அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. தெளிவாகச் சொல்கிறது. சிலிக்கான் இம்ப்ளான்ட் என்றால் 5-6 ஆண்டில் ஒரு ஸ்கேன், பிறகு 2-3 ஆண்டுக்கு ஒருமுறை என்பது அதன் பரிந்துரை.

சரி, யாரிடம் சொல்வது?

ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் உடம்பு, உங்கள் முடிவு. ஆனால் ஒரே ஒருவருக்காவது முழு உண்மை தெரிந்திருக்க வேண்டும். அது அக்காவாக இருக்கலாம், ரூம்மேட்டாக இருக்கலாம். அவரிடம் டிஸ்சார்ஜ் சம்மரியின் போட்டோ, சர்ஜனின் இரவு நேர நம்பர், மேலே உள்ள பட்டியல் மூன்றும் இருக்கட்டும்.

கன்சல்டேஷனில் எவ்வளவு செலவு, என்ன சைஸ் என்பதோடு இந்தக் கேள்விகளையும் கேளுங்கள்: நீங்கள் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.ஹெச். அல்லது அதற்கு இணையான பட்டம் பெற்றவரா? ராத்திரி 2 மணிக்குப் பிரச்னை என்றால் போனை எடுப்பது யார்? மறுபடி ஆபரேஷன் தேவைப்பட்டால் செலவு யாருடையது? இதற்கு நேரான பதில் வராத இடத்தில் அட்வான்ஸ் கட்ட வேண்டாம்.