மெலிவும் முழக்கமும்

எங்கள் துறையின் இளம் விரிவுரையாளர் ஒருவர், தம் கையால் செய்த ஒலிபெருக்கிகளைக் கேட்க வரும்படி சென்ற மாதம் வீட்டுக்கு அழைத்திருந்தார். எட்டு அங்குல ஊஃபர், சிறிய ட்வீட்டர், தேக்கு நிறத்தில் மைக்கா ஒட்டிய அழகான இரு பெட்டிகள். இளையராஜா பாடல் ஒன்றை ஓடவிட்டு ஆம்ப்ளிஃபயரின் பேஸ் குமிழைக் கடைசிவரை திருகினார். சன்னல் கண்ணாடி நடுங்கியது. ஆனால் பேஸ் கிட்டார் எந்தச் சுரத்திலிருந்து எந்தச் சுரத்துக்கு நகர்கிறது என்பது மட்டும் காதுக்கு எட்டவில்லை. பாடலுக்கு அடியில் தனியொரு மெட்டாக ஓடவேண்டியது, ஒரே 'தொம் தொம்' ஆகிக் கிடந்தது.

"பேஸ் இன்னும் போதவில்லை சார். பன்னிரண்டு அங்குல ஊஃபர் வாங்கிவிடலாமா என்று யோசிக்கிறேன்" என்றார்.

வேண்டாம் என்றேன். ஏன் வேண்டாம் என்பதை அன்றிரவு அவருக்கு முழுதாகச் சொல்ல இயலாததால் இங்கே எழுதுகிறேன்.

பேஸ் என்றாலே முழக்கம் என்று நம் செவிகள் பழகிவிட்டன. கல்யாண மண்டபமும் தொலைதூரப் பேருந்தும் மலிவான 5.1 பெட்டிகளும் சேர்ந்து செய்த வேலை இது. நம் இசைத்தமிழோ மூன்று தானங்களுக்கு மெலிவு, சமன், வலிவு என்று பெயரிட்டது. கீழ்த்தானத்தின் பெயர் மெலிவு! தாழ்ந்த ஒலி இயல்பில் மென்மையானது, கூர்ந்து கேட்கவேண்டியது என்ற அனுபவம் அப்பெயரில் இருப்பதாக எனக்குத் தோன்றும். (இலக்கணக்காரர்கள் மறுத்தால் வாதிட மாட்டேன்.) வீட்டில் பெட்டி செய்பவர் முதலில் முடிவு செய்யவேண்டியது இதைத்தான்: நெஞ்சில் இடிக்கும் ஓசை வேண்டுமா, மிருதங்கத்தின் தொப்பியில் கை வழுக்கிச் செல்லும் கும்கி கேட்கவேண்டுமா? இரண்டாவது வேண்டுமென்றால் பெரிய ஊஃபர் மட்டும் அதைத் தந்துவிடாது.

ஊஃபர் ஒரு பாதிதான். மறுபாதி பெட்டிக்குள் அடைபட்ட காற்று. 1954இல் அமெரிக்கரான எட்கர் வில்ச்சூர், மூடிய சிறு பெட்டியின் காற்றையே சுருள்வில்லாகப் பயன்படுத்தி ஏஆர்-1 என்னும் ஒலிபெருக்கியை உருவாக்கினார். 1961இல் ஆஸ்திரேலியரான நெவில் தீல் துளையுள்ள பெட்டிகளைக் கணக்குக்குள் கொண்டுவந்தார். எழுபதுகளில் ரிச்சர்டு ஸ்மால் அதை விரித்தார். அதன்பின் பெட்டியின் அளவு ஆசாரியின் கண்மதிப்பாக இருக்கவேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று.

ஓர் எடுத்துக்காட்டு. ஊஃபரின் சொந்த அதிர்வெண் 40 ஹெர்ட்ஸ். அதன் தொங்கலின் நெகிழ்வுக்கு ஈடான காற்று 40 லிட்டர். க்யூ எனப்படும் அடக்க எண் 0.6. இதை 10 லிட்டர் மூடிய பெட்டியில் அடைத்தால் அதிர்வெண் 89 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும், க்யூ 1.34 ஆகும். அதாவது அந்த அதிர்வெண்ணைச் சுற்றி ஒரு புடைப்பு. அதற்குக் கீழே வெறுமை. என் நண்பரின் 'தொம்' பெரும்பாலும் இதுதான். 20 லிட்டரில் 69 ஹெர்ட்ஸ், 1.04. 40 லிட்டரில் 57 ஹெர்ட்ஸ், 0.85. க்யூ 0.7ஐ நெருங்க நெருங்க ஒலி சீராகும். பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தி ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸ் என்பதையும் இதனோடு வைத்துப் பாருங்கள். குமிழைத் திருகி ஈடுகட்டலாமே என்றால், 10 டெசிபல் கூட்டுவதற்குப் பத்து மடங்கு மின்திறன் வேண்டும். ஊஃபரின் கூம்பு அவ்வளவு தூரம் நகரவும் வேண்டும்.

ரிச்சி தெருவில் வாங்கும் ஊஃபருக்கு இந்த எண்களை யார் தருவார் என்று கேட்பீர்கள். பெரும்பாலும் தரமாட்டார்கள்தான். ஆனால் ஒரு மின்தடை, ஒரு மல்ட்டிமீட்டர், கைபேசியில் ஒலியெழுப்பும் ஒரு செயலி, இவை இருந்தால் ஒரு மாலையில் நாமே அளந்துவிடலாம். தமிழ் படித்த நானே அளந்திருக்கிறேன்.

துளை வைத்த பெட்டி என்பது கடத்தின் உறவுமுறை. கடம் வாசிப்பவர் பானையின் வாயை வயிற்றோடு அழுத்தியும் விலக்கியும் நாதத்தை மாற்றுகிறாரே, அங்கே உள்ளிருக்கும் காற்றும் வாயின் அளவும்தான் கீழ்நாதத்தைத் தீர்மானிக்கின்றன. குழாய் பொருத்திய பெட்டியிலும் அப்படியே. கணக்குப் பார்த்து வைத்தால் கூடுதல் ஆழம் கிடைக்கும். கிடைத்த பிளாஸ்டிக் குழாயைச் செருகினால் மற்றுமொரு 'தொம்'. மேலும், குழாய் இசைந்த அதிர்வெண்ணுக்குக் கீழே கூம்பைத் தாங்கக் காற்று இல்லை. அது கட்டறுந்து ஆடும். முதன்முறை செய்பவருக்கு மூடிய பெட்டியே நல்லது என்பது என் கட்சி.

மூடியது என்றால் மெய்யாகவே மூடியிருக்கவேண்டும். கூம்பை நான்கு விரல்களால் சமமாக, மெல்ல உள்ளே தள்ளி விடுங்கள்; அது தயங்கித் திரும்பினால் சரி, சட்டெனத் திரும்பினால் எங்கோ கசிவு. கம்பி நுழையும் துளையை எம்-சீல் கொண்டு அடைப்பதற்குப் பெரிய செலவு ஆகாது. பலகையை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். முரசுபோல் ஒலித்தால் உள்ளே குறுக்குச் சட்டம் வேண்டும். நான் சட்டம் வைக்கச் சொன்னபோது ஆசாரி, "வெளியே தெரியாத இடத்துக்கு எதுக்கு சார் இவ்வளவு மரம்?" என்று அங்கலாய்த்தார். உள்ளே பாலியெஸ்டர் பஞ்சை மிதமாக நிரப்பினால் காற்றுக்குப் பெட்டி சற்றுப் பெரிதானதுபோல் தோன்றும். கோட்பாட்டின்படி உச்ச வரம்பு 1.4 மடங்கு; நடைமுறையில் அதைவிடக் குறைவே. திணித்து அடைத்தால் அந்தப் பயனும் போய்விடும்.

இத்தனையும் பேசுகிற நான் செய்த முதல் சோடியின் கதையைச் சொல்லாவிட்டால் நியாயமில்லை. பேஸ் சோகையாக இருந்தது. பெட்டியைப் பிரித்தேன், ஊஃபரை மாற்றினேன், டிரான்ஸ்ஃபார்மரைப் பெரிதாக்கினேன். ஒன்றரை மாதம், இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல். விடுமுறைக்கு வந்திருந்த என் மைத்துனர் ஒரு பெட்டியின் இரண்டு கம்பிகளையும் இடம் மாற்றிப் பொருத்தினார். அவ்வளவுதான். ஒரு கூம்பு முன்னே வரும்போது மற்றது பின்னே போய்க்கொண்டிருந்திருக்கிறது. தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்திருக்கின்றன. ஒன்றரை வோல்ட் பேட்டரியின் நேர்முனையை ஸ்பீக்கரின் நேர்முனையில் ஒரு கணம் தொட்டால் கூம்பு வெளியே வரவேண்டும் என்பதை அன்று கற்றேன். மைத்துனர் இன்றும் அதை விருந்தினரிடம் சொல்லத் தவறுவதில்லை.

கடைசியில் அறை. 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் எட்டரை மீட்டருக்கு மேல். நம் கூடங்கள் அதில் பாதிகூட இருப்பது அரிது. பன்னிரண்டு அடி அறையில் 47 ஹெர்ட்ஸை ஒட்டி எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே ஒலி நின்று அலையும். சுவரோரம் அது பெருத்துக் கேட்கும், நடுவில் காணாமல் போகும். பெட்டியை மூலைக்குத் தள்ளினால் பேஸ் கூடும், சில வேளை அளவுக்கு மீறி. நல்ல இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி: பெட்டியை நீங்கள் உட்காரும் இடத்தில் வைத்துப் பாடவிட்டு, தரையில் தவழ்ந்தபடி அறையைச் சுற்றி வாருங்கள். மெட்டு தெளிவாகக் கேட்கும் இடமே பெட்டிக்கான இடம். வீட்டில் பிள்ளைகள் இல்லாத நேரம் பார்த்துச் செய்வது நலம்.

நண்பர் பன்னிரண்டு அங்குல ஊஃபர் வாங்கவில்லை. 35 லிட்டரில் புதிய பெட்டிகளுக்கு ப்ளைவுட் அறுக்கக் கொடுத்திருக்கிறார். அதுவரை பேஸ் குமிழை நடுவில் நிறுத்தி, சுவரோடு ஒட்டியிருந்த சோபாவை இரண்டடி முன்னே இழுத்துப் போட்டுக் கேட்கிறாராம். பெருக்குவதற்கு இடைஞ்சல் என்று அவர் மனைவி காலையில் அதைப் பின்னே தள்ளிவிடுகிறார். மாலையில் இவர் முன்னே இழுக்கிறார்.