மாட்டுக்கொட்டில் நின்ற இடம்

ரொறன்ரோவிலிருந்து 401ஆம் நெடுஞ்சாலையில் மேற்காக ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் போனால் குவெல்ஃப் நகரம் வரும். நம்மவர்களின் பிள்ளைகளும் படிக்கும் பல்கலைக்கழகம் அங்கே இருக்கிறது. செப்ரெம்பரில் பிள்ளையைப் பெட்டி படுக்கையுடன் விடுதியில் விட்டுவிட்டுத் திரும்பும் பெற்றோருக்கு ‘ஸ்ரோன் றோட்’ பழக்கமான வீதி. “கல்லைக் காணவில்லை, பெயர் மட்டும் கல்வீதி” என்று நண்பர் ஒருவர் பகிடி விட்டார். உண்மையில் அது ஒரு கமக்காரரின் பெயர். பிரெடெரிக் வில்லியம் ஸ்ரோன் என்பவர் 1860ஆம் ஆண்டளவில் இங்கிலாந்திலிருந்து ஹெரபோர்ட் இன மாடுகளைக் கப்பலில் கொண்டுவந்து வளர்த்தவர். அவருடைய சுமார் 550 ஏக்கர் பண்ணையை ஒன்ராறியோ அரசு வாங்கி, 1874இல் அதிலே ஒரு விவசாயப் பாடசாலையைத் திறந்தது. 1880இல் அது ஒன்ராறியோ விவசாயக் கல்லூரி ஆயிற்று. பல்கலைக்கழகம் பிறந்தது 1964இல்தான்.

ஆகவே இன்று கணினிக் கூடமும் உணவுச்சாலையும் வாகனத் தரிப்பிடமும் நிற்கும் வளவு முன்பு கமமாக இருந்தது. வகுப்பு முடிந்த மாணவர்கள் பால் கறந்தார்கள், சாணம் அள்ளினார்கள், குதிரைக்குத் தீனி வைத்தார்கள். படிப்பின் பாதி கொட்டிலிலேயே நடந்தது.

அந்தக் காலத்து ஒன்ராறியோக் கொட்டிலின் அமைப்பைச் சற்று விளக்க வேண்டும். நம்முடைய ஓலைக் கொட்டிலை நினைத்துக்கொள்ளக் கூடாது. கீழ்த்தளம் கருங்கல், அங்கே மாடும் குதிரையும். மேல்தளம் பெருமரங்களைக் கொளுவிக் கட்டிய பலகைக் கூடம். அங்கே உலர்புல்லும் தானியமும். ஒரு பக்கத்தில் மண்மேடு போட்டு, வண்டியை நேரே மேல்தளத்துக்கே ஓட்டிச் செல்ல வழி வைத்தார்கள். மேலே இருந்து புல்லைக் கீழே தள்ளினால் மாட்டின் முன்னே விழும். மாடுகளின் உடற்சூட்டினால் பனிக்காலத்திலும் கீழ்த்தளத்தில் ஓரளவு வெதுவெதுப்பு இருக்கும். மேலேயுள்ள புல் குளிரை மறைக்கும் மெத்தை. ஆறு மாதக் குளிரை வைத்துக்கொண்டு கமம் செய்தவர்களின் கெட்டித்தனம் அது.

இப்படிப்பட்ட கட்டடங்கள் பொதுவாக அழிந்ததற்குக் காரணங்கள் பல. முதலாவது நெருப்பு. நன்றாகக் காயாத புல்லை அடுக்கினால் உள்ளே புளித்துச் சூடேறித் தானாகவே பற்றிக்கொள்ளும். உழவு இயந்திரம் வந்ததும் குதிரை லாயத்துக்கு வேலையில்லை. பாலின் சுகாதார விதிகள் இறுகியதும், கழுவித் துடைக்கக்கூடிய கொங்கிறீற் தரை வேண்டும் என்றார்கள். குவெல்ஃபில் இவற்றோடு பல்கலைக்கழகமும் வளர்ந்தது. 1960களில் நூலகமும் வகுப்புக் கட்டடங்களும் எழும்பின. ஆடுமாடுகள் ஆர்க்கெல், எலோறா ஆகிய ஊர்ப்பக்கங்களிலுள்ள ஆய்வுப் பண்ணைகளுக்குப் போயின. எலோறாவில் 2015இல் திறந்த புதிய பால்பண்ணை நவீன இயந்திரங்களோடு இயங்குகிறது. பழைய வயல்களின் ஒரு பகுதியில் 1970 முதல் மரத்தோட்டம் இருக்கிறது.

எல்லாமே போய்விடவில்லை. மாடுகளை நடத்திக் காட்டித் தரம் பார்க்க 1901இல் கட்டிய வட்டக் கட்டடம் ‘புல்றிங்’ என்ற பழைய பெயரோடு இன்னும் நிற்கிறது. இப்போது அங்கே மாணவர்கள் கோப்பி குடிக்கிறார்கள். 1903இல் சாவிட்ஸ் என்ற பேராசிரியர் தெரிந்தெடுத்த 21ஆம் இலக்க வாற்கோதுமை பல பத்தாண்டுகள் கனடா முழுவதும் விளைந்தது. அவர் பெயர் கொண்ட கட்டடத்தில் இன்று ஓவியம் படிப்பிக்கிறார்கள். 1914இல் தொடங்கிய ஐஸ்கிரீம் வகுப்பும் தொடர்கிறது. கடையில் நாம் வாங்கும் மஞ்சள் நிற யூக்கொன் கோல்ட் உருளைக்கிழங்கும் குவெல்ஃபில் பிறந்ததுதான்.

ஒன்றை மட்டும் கவனித்தோம். கல்லூரியின் பழைய பிரதான கட்டடத்தை இடித்தபோது அதன் வாசல் மண்டபத்தைக் கவனமாகக் கழற்றி எடுத்துப் புல்வெளியில் நிறுத்தினார்கள். இன்றும் பட்டதாரிகள் அதனருகே படம் பிடிக்கிறார்கள். கொட்டிலின் தூண் ஒன்றுக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. பெரிய மனிதர் நுழைந்த வாசல் ஞாபகச் சின்னமாயிற்று. மாடு நுழைந்த வாசல் விறகாயிற்று. இடித்தது பிழை என்று நாம் சொல்லவில்லை. கொட்டில் ஒரு கருவி. தேய்ந்தால் மாற்றத்தான் வேண்டும். ஆனால் அவர்களிடம் படமும் வரைபடமும் எழுத்தும் இருக்கின்றன. தேடுபவன் கண்டுபிடிப்பான்.

நம்முடைய வீட்டு அல்பங்களைப் புரட்டிப் பார்த்தோம். கலியாணம், சாமத்தியச் சடங்கு, விமான நிலையம். புகையிலைக் குடிலோ மாட்டுக்கொட்டிலோ துலாக்கிணறோ ஒன்றிலும் இல்லை. அவற்றைப் படம் பிடிக்க வேண்டும் என்று அன்று யாருக்குத் தோன்றியது? புகையிலைக்குப் புகை போடும் குடிலின் வாசல் எவ்வளவு உயரம், தேங்காய் மட்டையை எங்கே அடுக்கினார்கள், இரவில் யார் காவல் இருந்தார்கள் என்பதெல்லாம் ஒரு சில முதியவர்களின் தலைக்குள்ளேதான் இருக்கின்றன.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெரியவரிடம் கடதாசியும் பென்சிலும் கொடுத்து, ஊர்வளவில் இருந்த கொட்டிலை வரையச் சொல்லுங்கள். கோடு கோணலானாலும் பரவாயில்லை. நீளத்தை முழத்தில் எழுதினாலும் போதும். அதை எமக்கு அனுப்பிவையுங்கள். வருபவற்றை இப்பக்கத்தில் ஒவ்வொன்றாக வெளியிடுவோம்.