தலையில் அடியா? ஆட்டத்தை நிறுத்துங்க!

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கும் காக்களூர் தொழிற்பேட்டைக்கும் ஷிப்ட் போகும் அப்பாக்களே, உங்களிடம் ஒரு கேள்வி. வேலை செய்யும்போது தலையில் ஒரு கம்பி இடித்துவிட்டது. சூப்பர்வைசர் வந்து, "பரவாயில்லப்பா, ஷிப்ட்டை முடிச்சிட்டுப் போ" என்றால் சும்மா இருப்பீர்களா? இருக்க மாட்டீர்கள்!

அதே நீங்கள், கபடி ஆடும் மகன் தலையில் அடிபட்டுத் தள்ளாடினால் என்ன சொல்கிறீர்கள்? "ஒண்ணுமில்லடா, தண்ணி குடிச்சிட்டு ஆடு!"

இது நியாயமா?

அலிக்ஸ் பாப்பம் என்ற ரக்பி வீரரின் கதையைக் கேளுங்கள். ரக்பி நமக்கு அவ்வளவு பழக்கமில்லாத ஆட்டம்தான். ஆனால் 2025-ல் நடந்த முதல் ரக்பி பிரீமியர் லீக்கில் ஜெயித்தது நம்ம 'சென்னை புல்ஸ்' அணி! பந்தோடு ஓடுகிறவரைப் பாய்ந்து மடக்க வேண்டும். கிட்டத்தட்ட நம்ம கபடி மாதிரிதான்.

பாப்பம் வேல்ஸ் நாட்டுக்காக 33 போட்டிகள் ஆடியவர். இங்கிலாந்தில் லீட்ஸ் கிளப்புக்கு ஆடினார். 2008-ல் பிரான்ஸில் உள்ள பிரீவ் கிளப்புக்குப் போனார். வெளிநாட்டு ஒப்பந்தம், பெயர், புகழ்... எந்தப் பெற்றோருக்குத்தான் ஆசை வராது? 2011-ல் தோள்பட்டைக் காயத்தோடு ஓய்வு பெற்றார். தோளில் பட்ட அடி எல்லோருக்கும் தெரிந்தது. தலையில் பட்டது?

ஒருநாள், பழகிய பாதையில் சைக்கிளில் போனவருக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்பதே தெரியவில்லை. 2020-ல் டாக்டர்கள் சொன்னது, டிமென்ஷியா எனும் மறதி நோய். அப்போது வயது 40தான்! வருஷக்கணக்கில் தலையில் வாங்கிய அடிகள்தான் காரணம் என்றார்கள். மயங்கி விழ வைக்கும் பெரிய அடிகள் மட்டுமல்ல, ஆட்டத்திலும் பயிற்சியிலும் பட்ட சின்னச் சின்ன அடிகளும் சேர்ந்துதான்.

பயப்பட வேண்டாம். ஒரு தடவை அடிபட்டால் மறதி நோய் வந்துவிடாது. பெரும்பாலான பிள்ளைகள் ஓய்வெடுத்தாலே சரியாகிவிடுவார்கள். மூளை ஆறுவதற்குள் மறுபடி அடிபடுவதுதான் ஆபத்து.

எப்படிக் கண்டுபிடிப்பது? தலைவலி, தலைசுற்றல், குமட்டல், மங்கலான பார்வை, கேட்டதையே திரும்பக் கேட்பது. மயக்கம் வந்தால்தான் மூளையதிர்ச்சி என்று நினைக்காதீர்கள். பலருக்கு மயக்கமே வராது. ஸ்கேன் நார்மலாக இருந்தாலும் மூளையதிர்ச்சி இருக்கலாம்.

சந்தேகம் வந்தாலே அன்றைய ஆட்டம் முடிந்தது. டாக்டரிடம் காட்டுங்கள். முதல் இரண்டு நாள் நல்ல ஓய்வு; டி.வி., செல்போனைக் குறையுங்கள். பிறகு படிப்படியாகத்தான் ஆட்டம். தொழில்முறை அல்லாத ரக்பி வீரர்கள் 21 நாட்களுக்கு முன் போட்டிக்குத் திரும்பக் கூடாது என்கிறது உலக ரக்பி அமைப்பு. திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, அதிகரிக்கும் தலைவலி, எழுப்பினாலும் எழாத தூக்கம் இருந்தால் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

"நாளைக்கு செலக்ஷன் சார், ஸ்போர்ட்ஸ் கோட்டா போயிடும்" என்பீர்கள். உங்கள் கவலை புரிகிறது. ஆனால் அந்த கோட்டாவில் சேர்ந்து படிக்கப்போவதும் அதே மூளைதானே?

பிள்ளை தானாக "நான் ஆடலை" என்று சொல்ல மாட்டான். கோச்சும் தயங்கலாம். கையைப் பிடித்து வெளியே உட்கார வைக்க வேண்டியது நீங்கள்தான்.