டிஸ்னி ரசிகர் யுனிவர்சலுக்குச் செல்லும்போது

ஒரே எழுத்தாளரை இருபது ஆண்டுகளாக வாசித்துவிட்டு முதன்முறையாக இன்னொருவரின் நாவலைக் கையிலெடுக்கிறவர், பத்துப் பக்கங்களுக்குள் ‘இவரிடம் அந்த நடை இல்லையே’ என்று மூடி வைத்துவிடுவதைப் பார்த்திருக்கிறோம். ஃப்ளோரிடாவின் ஆர்லாண்டோவில் கேளிக்கைப் பூங்காக்களின் வாசலிலும் இதே காட்சியைக் காணலாம். ஆண்டு தவறாமல் வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்குப் போகிறவர்கள் ஒருமுறை மாறுதலுக்காக எதிர் முகாமான யுனிவர்சலுக்குப் போய்விட்டு, ‘அந்த மாயம் இங்கே இல்லை’ என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். அமெரிக்காவில் குடியேறிய நம்மவர் குடும்பங்களிலும் இத்தகைய டிஸ்னி பக்தர்கள் உண்டு. என் தங்கையின் கணவரே ஒருவர்.

இந்தத் தீர்ப்பை என்னால் ஏற்க இயலவில்லை. இரண்டும் வெவ்வேறு மரபில் பிறந்தவை. டிஸ்னியின் பூங்காக்கள் தேவதைக் கதையிலிருந்து வந்தவை. கதைக்கு வெளியே உள்ள எதுவும் கண்ணில் படக்கூடாது என்பதற்காகவே மேஜிக் கிங்டமின் அடியில் ஊழியர் நடமாடச் சுரங்க வழிகள் அமைத்தார்கள். யுனிவர்சலின் மூலமோ படப்பிடிப்புத் தளம். 1915இல் கலிஃபோர்னியாவில் யுனிவர்சல் சிட்டியைத் திறந்த கார்ல் லெம்லி, 25 சென்ட் வாங்கிக்கொண்டு படமெடுப்பதை வேடிக்கை பார்க்க மக்களை உள்ளே விட்டார். ஒன்று நம்பச் சொல்கிறது. மற்றது நம்பிக்கை எப்படித் தயாரிக்கப்படுகிறது என்பதைக் காணவும் அழைக்கிறது. ஆகவே யுனிவர்சலில் ஒட்டுப்போட்ட இடங்கள் தெரியும். ஒரு தெரு நியூயார்க்காக இருக்கும், திரும்பினால் சான் ஃபிரான்சிஸ்கோ. ஸ்டூடியோவில் வேறெப்படி இருக்கும்?

டிஸ்னி பக்தரின் மனக்குறைக்கு வேறொரு காரணமும் உண்டென்று நினைக்கிறேன். அங்கே அவர் விற்பன்னர். எந்த வரிசை எந்த நேரத்தில் குறையும், எந்த உணவகத்தில் எப்போது இடம் பதிய வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். குடும்பமே அவர் பின்னால் நடக்கும். யுனிவர்சலின் வாகன நிறுத்தத்திலிருந்து சிட்டிவாக் கடைத்தெருவைக் கடந்து வரும்போதே அவர் வழி கேட்கிறவராகிவிடுகிறார். அந்தக் கூச்சத்தைப் பூங்காவின் குறையாக மாற்றிவிடுவது எளிது. பிள்ளைகளுக்கோ அப்பாவும் தம்மைப்போல் விழிப்பதைப் பார்க்கக் கிடைக்கும் அரிய நாள் அது. அதைக் கெடுக்காதீர்கள்.

சில பழக்கங்களை வாசலிலேயே கழற்றி வைக்கலாம். டிஸ்னியில் விரைவு வரிசைக்கு நாட்கணக்கில் முன்கூட்டியே செயலியில் நேரம் குறிக்கிறோம். யுனிவர்சலின் எக்ஸ்பிரஸ் சீட்டுக்கு நேரக்குறிப்பு இல்லை. நினைத்தபோது காட்டி நுழையலாம். விலை அதிகம்தான். ஆனால் போர்ட்டஃபினோ பே, ஹார்ட் ராக், ராயல் பசிஃபிக் ஆகிய மூன்று விடுதிகளில் தங்குகிறவர்களுக்குப் பழைய இரு பூங்காக்களிலும் அது வாடகையோடு சேர்ந்தே வருகிறது. கணக்குப் பார்த்தால் பெரிய குடும்பத்துக்கு இது கட்டுப்படியாகலாம். பல சவாரிகளில் கைப்பையை லாக்கரில் வைத்தாக வேண்டும்; எரிச்சல்படப் பயனில்லை. சிறு குழந்தைகளோடு போகிறவர்கள் உயர விதிகளை முதலில் படித்துவிடுங்கள். டிஸ்னியின் கடுமையான ரோலர் கோஸ்டர்களுக்கே 48 அங்குலம் போதும்; இங்கே 2021இல் வந்த வெலாசிகோஸ்டருக்கு 51, ஹல்க்குக்கு 54. திரையை நம்பியோடும் சவாரிகள் இங்கே மிகுதி, அது உண்மையான குறைதான். தலைசுற்றல் உள்ளவர்கள் அடுத்தடுத்து இரண்டில் ஏற வேண்டாம்.

திணை மயக்கம் ஒன்றும் காத்திருக்கிறது. மார்வெல் நிறுவனத்தை டிஸ்னி 2009இல் வாங்கிவிட்டது. ஆனால் மார்வெல் 1994இல் செய்த ஒப்பந்தப்படி ஸ்பைடர்மேன் இன்றும் ஆர்லாண்டோவில் யுனிவர்சலில்தான் குடியிருக்கிறார்! டிஸ்னி தன் பிள்ளையைப் பக்கத்து வீட்டு முற்றத்தில்தான் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, டயகன் ஆலியை அவசரமின்றிப் பாருங்கள். டிஸ்னியின் இலக்கணம் நமக்குத் தெரியும்: நுழைந்ததும் நேரான தெரு, அதன் முடிவில் 189 அடி உயரக் கோட்டை, அதை நோக்கிக் கால்கள் தாமாக நடக்கும். 2014இல், ஜாஸ் சவாரி இருந்த இடத்தில் யுனிவர்சல் கட்டியது இதற்கு நேரெதிரானது. வெளியே லண்டன் தெருவின் முகப்பு மட்டுமே தெரியும். ஊதா நிறத்தில் மூன்றடுக்குப் பேருந்து ஒன்று நிற்கும். மாடிச் சன்னலொன்றில் அவ்வப்போது திரை விலகிக் குட்டிச்சாத்தான் முகம் எட்டிப் பார்க்கும். சிவப்புத் தொலைபேசிக் கூண்டில் 62442 என்று சுழற்றினால் மந்திர அமைச்சகம் பேசும். வாசல் எங்கே என்று பலகை எதுவும் கூவி அழைக்காது. கவனியாதவர் கடந்தே போய்விடுவார். செங்கல் சுவரின் வளைவில் திரும்பினால், குறுகிய சந்தும் சாய்ந்த கடைகளும் வங்கியின் உச்சியில் நெருப்புமிழும் டிராகனும். ஹாரி பாட்டர் நாவல்களில் மந்திர உலகம் சாதாரண உலகின் இடுக்கில் ஒளிந்திருக்கிறதல்லவா, அதைக் கட்டடமாகவே எழுதியிருக்கிறார்கள். மாயத்தை இப்படி மறைத்துவைக்கும் துணிவை டிஸ்னியில் நான் கண்டதில்லை. அங்கிருந்து அடுத்த பூங்காவிலுள்ள ஹாக்ஸ்மீடுக்கு ரயிலில் போகலாம். இரு பூங்காக்களுக்குமான சீட்டு வேண்டும். போகும்போதும் வரும்போதும் சன்னலில் ஓடும் காட்சிகள் வேறு வேறு என்பதால் இரண்டு முறையும் ஏறுங்கள்.

2025 மே மாதம் திறந்த எபிக் யுனிவர்ஸ் சில மைல் தள்ளித் தனியே இருக்கிறது. முதல் பயணத்திலேயே மூன்றையும் அள்ளிக்கொள்ள முயல வேண்டாம். அதை அடுத்த முறைக்கு வைக்கலாம்.

மாறாக, 1990இல் பூங்கா திறந்தபோதே தொடங்கி, பக்கத்தில் எத்தனையோ இடிபட்டும் நிலைத்து நிற்கும் ஈ.டி. சவாரிக்கு அரைமணி ஒதுக்குங்கள். பொம்மைகள் கிழடுதட்டிவிட்டன, வரிசையில் பைன் மர வாசனை மட்டும் அப்படியே இருக்கிறது. நுழையும்போது நம் பெயரைக் கேட்டுக்கொள்வார்கள், முடிவில் ஈ.டி. ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி வழியனுப்பும். நம் பெயர்களிலுள்ள ழகரத்தை அது என்ன செய்கிறது என்று கேட்பதற்காகவாவது போகலாம்.