தூக்கத்தை விற்றா தொழில் கற்க வேண்டும்?

கன்சல்டிங், ஆய்வு நிறுவனங்களில் வேலை பார்க்கும் இளைஞர்களிடம் வேலை எப்படி என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "கத்துக்க நிறைய இருக்கு, தூங்கத்தான் நேரம் இல்லை." இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறார்கள். ஒன்றைக் கொடுத்தால்தான் இன்னொன்று கிடைக்கும் என்று மனதார நம்புகிறார்கள். "ரெண்டு வருஷம் பல்லைக் கடிச்சிக்கிட்டு இரு, பத்து வருஷ அனுபவம் வந்துடும்" என்று மேனேஜர் சொல்கிறார். ஊரிலிருந்து பேசும் அப்பாவும் அதையே சொல்கிறார். அப்பட்டமான பொய் இது. பிள்ளைகளின் உடம்பைத் தின்கிற பொய்.

இந்தத் தொழிலில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. வாடிக்கையாளரின் கிடங்கில் நின்று சரக்கு ஏன் தேங்குகிறது என்று விசாரிக்கும்போது கற்கிறார்கள். எக்செல் தாளில் ஓர் அனுமானத்தை மாற்றியதும் லாபக் கணக்கு தலைகீழாவதைப் பார்த்துக் கற்கிறார்கள். "இந்த நம்பர் நம்புற மாதிரி இல்லையே, எங்கே எடுத்தே?" என்று மூத்தவர் ஒருவர் நிதானமாக உட்கார்ந்து கேட்கும்போது இன்னும் அதிகம் கற்கிறார்கள். இதெல்லாம் மூளை விழித்திருக்கும் நேரத்தில் நடப்பவை.

இரவு பதினொன்றரைக்கு நடப்பது வேறு. பகலெல்லாம் மீட்டிங்கில் இருந்த பார்ட்னர் அப்போதுதான் ஸ்லைடுகளைத் திறந்து, பக்கத்துக்குப் பக்கம் திருத்தம் போட்டு அனுப்புகிறார். காலை ஒன்பது மணிக்கு வாடிக்கையாளர் முன்னால் வைத்தாக வேண்டும். வரைபடத்தின் நீலத்தைக் கொஞ்சம் அடர்த்தியாக்க, மூன்று வரித் தலைப்பை இரண்டு வரிக்குள் அடக்க, அடிக்குறிப்புகளையெல்லாம் ஒரே எழுத்தளவுக்குக் கொண்டுவர அனலிஸ்ட் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார். முதல் மாதம் அதிலும் ஏதோ பழகலாம். பதினெட்டாவது மாதமும் அதே வேலை என்றால் அதற்குக் கல்வி என்று பெயர் வைப்பது அநியாயம்.

அந்த இரவு எங்கே உற்பத்தியாகிறது என்று பாருங்கள். ப்ராஜெக்டைப் பிடிக்கும் அவசரத்தில், ஆறு பேர் பன்னிரண்டு வாரம் செய்யவேண்டியதை நான்கு பேர் எட்டு வாரத்தில் முடிப்பார்கள் என்று மேலே இருப்பவர்கள் வாக்குக் கொடுத்துவிடுகிறார்கள். கட்டணம் மொத்தமாகப் பேசியாயிற்று. அதன்பிறகு இளையவர்கள் கூடுதலாக உழைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் நிறுவனத்துக்கு இனாம். வெள்ளிக்கிழமை டைம்ஷீட் போடும்போது எழுபது மணி நேரம் உழைத்தவர் நாற்பத்தைந்து என்று எழுதுகிறார். "பட்ஜெட் ஏற்கெனவே தாண்டிடுச்சு, பார்த்துப் போடுப்பா" என்று சொல்லியிருப்பார்கள். பல இடங்களில் சொல்லவே வேண்டாம். அடுத்த ப்ராஜெக்டுக்கு ஆள்கணக்குப் போடும்போது இந்த நாற்பத்தைந்தைத்தான் எடுத்துப் பார்ப்பார்கள். போன தடவை நான்கு பேர் முடித்தார்களே, இந்தத் தடவையும் முடிப்பார்கள். பொய்க்கணக்கு இப்படித்தான் அடுத்த குழுவின் தலையில் விடிகிறது.

அதிக நேரம் உழைத்தால் வேலை தரமாக இருக்கும் என்பதற்காவது ஆதாரம் உண்டா? எரின் ரீட் என்ற பேராசிரியர் அமெரிக்க கன்சல்டிங் நிறுவனம் ஒன்றை ஆராய்ந்து 2015இல் கட்டுரை வெளியிட்டார். உண்மையிலேயே வாரம் எண்பது மணி நேரம் உழைத்தவர் யார், அப்படி உழைப்பதுபோல் காட்டிக்கொண்டவர் யார் என்று அங்கிருந்த மேலதிகாரிகளுக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. ஓசைப்படாமல் வேலையைக் குறைத்துக்கொண்ட ஆண்கள் நல்ல பெயர் வாங்கினார்கள். வெளிப்படையாகக் கேட்டுக் குறைத்துக்கொண்டவர்கள் தண்டிக்கப்பட்டார்கள். ஹார்வர்டின் லெஸ்லி பெர்லோ பாஸ்டன் கன்சல்டிங் குரூப்பில் நடத்திய சோதனை இன்னும் நேரடியானது. குழுவில் ஒவ்வொருவரும் வாரத்தில் முன்கூட்டியே குறித்த நேரம் கட்டாயமாக ஓய்வெடுக்க வேண்டும். முதலில் முரண்டு பிடித்தவர்கள் அந்த கன்சல்டண்டுகளேதான். ஆனால் குழுவுக்குள் பேச்சு கூடியது, திட்டமிடல் சீரானது, வாடிக்கையாளருக்குப் போன வேலையும் மேம்பட்டது. அந்த முடிவுகள் 2009இலேயே அச்சில் வந்துவிட்டன. தெரியாமல் செய்கிறோம் என்று இந்தத் துறையில் யாரும் சொல்ல முடியாது.

உடம்புக் கணக்கும் தெரிந்ததுதான். வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத அபாயம் 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் சேர்ந்தே அறிவித்தன.

2024 மார்ச்சில் புனேயில் ஒரு பன்னாட்டுத் தணிக்கை, ஆலோசனை நிறுவனத்தில் சேர்ந்த 26 வயது கேரளப் பெண் ஜூலையில் இறந்துபோனார். வேலைப்பளுதான் காரணம் என்று அவருடைய தாய் நிறுவனத் தலைவருக்குக் கடிதம் எழுதினார், நிறுவனம் மறுத்தது. அதன்பின் சோதனைக்குப் போன மகாராஷ்டிரத் தொழிலாளர் துறை அதிகாரிகள், வேலை நேரத்தை ஒழுங்குபடுத்தும் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின்கீழ் பதிவே இல்லாமல் அந்த அலுவலகம் 2007 முதல் இயங்கிவந்ததாகச் சொன்னார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் சென்னை அருகே ஒரு விழாவில் பேசிய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், அழுத்தத்தைத் தாங்கும் உள்வலிமையைப் பிள்ளைகளுக்கு வீட்டில் கற்றுத்தர வேண்டும் என்றார். தாங்கச் சொல்லிக்கொடுப்பதா நம் வேலை? சுமையை ஏற்றியவரிடம் யார் கேட்பது?

"அந்த நிறுவனத்தின் பெயர் இருந்தால் எங்கே போனாலும் வேலை கிடைக்குமே" என்பார்கள். கிடைக்கும். கிடைப்பது அந்தப் பெயருக்காகத்தான். அடுத்த வேலை தருபவர் நீங்கள் எத்தனை இரவு விழித்தீர்கள் என்று கேட்பதில்லை.

இந்த வேலைக்குப் போகும் பிள்ளைகள் நேர்முகத் தேர்வின் கடைசியில், "எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?" என்ற இடம் வரும்போது இதைக் கேட்கட்டும்: போன ப்ராஜெக்டில் டைம்ஷீட்டில் ஏறிய நேரம் எவ்வளவு, ஆட்கள் உண்மையில் உழைத்தது எவ்வளவு? உள்ளே இருப்பவர்கள் இந்த வெள்ளிக்கிழமை எழுபதை எழுபது என்றே எழுதட்டும். ஒருவர் எழுதினால் அவரைக் கூப்பிட்டு மிரட்டுவார்கள். குழு முழுவதும் எழுதினால், ப்ராஜெக்டுக்கு விலை போட்டவர்தான் பதில் சொல்லியாக வேண்டும்.